மடிந்த வரியும் முறிந்த வரியும்

"ஒழுங்காத்தான் சார் டைப் பண்ணினேன். அனுப்பிட்டுத் திறந்து பார்த்தா வரியெல்லாம் பாதி பாதியா அறுந்து கிடக்கு." ஆன்லைனில் மனுவோ விண்ணப்பமோ போடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. நேர் எதிரான புகாரும் உண்டு. "பத்தி பத்தியாப் பிரிச்சு எழுதினேன். அங்கே போனதும் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு." கேட்கும்போது இரண்டும் எதிரெதிர்க் கோளாறாகத் தெரியும். வேர் ஒன்றுதான். டீ வரட்டும், பொறுமையாகப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

படிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் எழுதிக்கொண்டே போகிறீர்கள். வலது ஓரம் வந்ததும் அடுத்த சொல் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. நீங்கள் என்டர் தட்டவில்லை. பெட்டியின் அகலத்தைப் பார்த்து பிரவுசர் செய்கிற வேலை அது. உங்கள் எழுத்தில் அந்த இடத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. நீங்கள் போட்ட இடைவெளி மட்டும்தான் இருக்கிறது. இதை மடிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

நீங்களே என்டர் தட்டினால் கதை வேறு. அந்த இடத்தில் ஒரு குறி விழுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மற்ற எழுத்துகளைப் போலவே அதுவும் சேமிக்கப்படும், அனுப்பப்படும், எண்ணிக்கையிலும் சேரும். இது முறிவு. வேட்டியை மடித்து வைப்பதற்கும் கத்தரியால் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மடித்ததை உதறிவிட்டு வேறு அளவில் மடிக்கலாம். வெட்டியது வெட்டியதுதான்.

திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்; குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. பிரித்தறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. மொபைலாக இருந்தால் குறுக்காகத் திருப்புங்கள். கம்ப்யூட்டராக இருந்தால் பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கிப் பாருங்கள். பல படிவங்களில் பெட்டியின் வலது கீழ் மூலையில் இழுத்துப் பெரிதாக்க ஒரு சின்னக் கோட்டுக்குறியும் இருக்கும். அகலம் மாறும்போது வரிகளும் புதிதாக அமைந்தால் அவை மடிப்புகள். அகலம் மாறியும் வரி பழைய இடத்திலேயே அறுந்து நின்றால், அங்கே முறிவுக் குறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் புகாருக்கு வருவோம். நீங்கள் தட்டாத என்டர் உங்கள் மனுவுக்குள் எப்படி வந்தது? பெரும்பாலும் பிடிஎஃப் வழியாகத்தான். பிடிஎஃப் கோப்பு அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டுவதற்காகப் பிறந்தது. எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதன் கவலை. பத்தி எங்கே முடிகிறது என்பது பல கோப்புகளில் பதிவாகியே இருக்காது. அதிலிருந்து காப்பி எடுத்தால் ஒவ்வொரு அச்சு வரியின் முடிவிலும் ஒரு முறிவு சேர்ந்துவிடும். பக்கம் அகலமாக இருந்தது, உங்கள் பெட்டி குறுகல். ஆகவே ஒவ்வொரு வரியும் பெட்டியின் ஓரத்தில் ஒருமுறை மடியும், பிறகு இரண்டு சொல் தள்ளி ஒருமுறை முறியும். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று பல்லிளிக்கும். இந்த வடிவத்தைக் கண்டாலே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு வரியாகப் போய் டெலிட் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து வரிக்கு அது சரி. நான்கு பக்கத்துக்கு வேர்டு மென்பொருளைக் கூப்பிடுங்கள். முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். முறிவு இருக்கும் இடமெல்லாம் ¶ என்று காட்டும். பிறகு ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸைத் திறந்து, 'மோர்' தட்டி, 'ஸ்பெஷல்' பட்டியலிலிருந்து 'பாராகிராஃப் மார்க்' எடுத்து, அதற்குப் பதில் ஒரு இடைவெளி வைத்து எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் அவசரப்பட்டால் உண்மையான பத்திப் பிரிவும் சேர்ந்து போய்விடும். அதனால் பத்திகளுக்கு நடுவே இரட்டை என்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் சுற்றில் இரண்டு பாராகிராஃப் மார்க் அடுத்தடுத்து வரும் இடங்களை, மனுவில் வேறெங்கும் வராத ஒரு குறியாக, உதாரணமாக மூன்று நட்சத்திரமாக, மாற்றிவிடுங்கள். அடுத்த சுற்றில் மிச்சமுள்ள ஒற்றைகளை இடைவெளியாக்குங்கள். கடைசியில் நட்சத்திரங்களை மறுபடி பாராகிராஃப் மார்க் ஆக்குங்கள். ¶ இல்லாமல் வளைந்த அம்புக்குறி தெரிந்தால் அது ஷிஃப்டோடு என்டர் தட்டியதால் வரும் முறிவு. அதே பட்டியலில் 'மேனுவல் லைன் பிரேக்' என்ற பெயரில் இருக்கும். மூன்று சுற்றும் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு விருந்தாளியும் காப்பி பேஸ்ட்டோடு வருவார். வலைப்பக்கங்களிலும் வேர்டிலும் 'பிரியாத இடைவெளி' என்று ஒன்று உண்டு. பார்வைக்குச் சாதாரண இடைவெளிதான். ஆனால் அதன் இரு பக்கமும் உள்ள சொற்களை வெவ்வேறு வரியில் விடக் கூடாது என்று பிரவுசருக்கு உத்தரவு. 'திரு' என்பதும் அதற்குப் பின்வரும் பெயரும் பிரியாமலிருக்க அதைப் போடுவார்கள், நல்ல நோக்கம். ஒரு வாக்கியம் முழுக்க அதுவாகவே இருந்தால்? வாக்கியம் மொத்தமும் ஒரே நீண்ட சொல்லாக நடந்துகொள்ளும். வரி மடிய மறுத்துப் பெட்டியைத் தாண்டிப் போகும், அல்லது எங்கோ சொல்லின் நடுவில் அறுபடும். காரணமே புரியாமல் ஒரு பத்தி மட்டும் முரண்டு பிடித்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்த இடைவெளிகளை அழித்து ஸ்பேஸ் பாரை மறுபடி தட்டுவதே வைத்தியம். நீளமாக இருந்தால் வேர்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், அதே 'ஸ்பெஷல்' பட்டியலில் 'நான்பிரேக்கிங் ஸ்பேஸ்' என்று இருக்கும்.

இனி இரண்டாவது புகார், பத்திகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு: தனியாகச் சொல்லாவிட்டால், உரையில் எத்தனை இடைவெளி, எத்தனை என்டர் இருந்தாலும் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே இடைவெளியாகக் காட்டும். நீங்கள் எழுதிய பெட்டி அந்தப் பழக்கத்துக்கு விலக்கு. முறிவுகளை அப்படியே காட்டும். அனுப்பியபின் வரும் 'உங்கள் விண்ணப்பம்' பக்கம் விலக்கு அல்ல. உங்கள் என்டர்கள் கிடங்கில் பத்திரமாகத்தான் இருக்கின்றன; காட்டும் பக்கம்தான் அவற்றை விழுங்குகிறது. அந்தப் பக்கத்தைக் கட்டியவர் 'ஒயிட்-ஸ்பேஸ்' என்ற பண்புக்கு 'ப்ரீ-ராப்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

சிலர் அதைச் செய்யாமல், சேமிக்கும்போதே ஒவ்வொரு முறிவையும் வரி உடைக்கும் எச்டிஎம்எல் குறியாக மாற்றி வைத்துவிடுவார்கள். அன்றைக்கு அழகாகத்தான் தெரியும். நீங்கள் 'திருத்து' பொத்தானைத் தட்டித் திறக்கும்போது பெட்டிக்குள் அந்தக் குறியே எழுத்தாக வந்து நிற்கும். மறுபடி சேமித்தால் மேலும் ஒரு சுற்றுக் குப்பை. எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொண்டு காட்டும் நேரத்தில் மட்டும் மாற்றுவதே முறை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

மறுமுனையில் யார் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது மனு எழுதுகிறவருக்குத் தெரியாது. ஆகவே முறிவுகள் செத்துப்போனாலும் படிக்கக்கூடிய மாதிரி எழுதிவிடுவது புத்திசாலித்தனம். கோரிக்கைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வையுங்கள். வெற்று வரியை நம்பித் தலைப்பு வைக்காதீர்கள். "பொருள்:" என்று எழுதிவிட்டுத் தொடருங்கள். முகவரியில் இது மிகவும் முக்கியம். தெரு, ஊர், அஞ்சல், வட்டம் என்று வரி வரியாக எழுதியதைக் கொண்டுபோய் ஒற்றை வரிப் பெட்டியில் ஒட்டினால், அந்தப் பெட்டி முறிவுகளை வைத்துக்கொள்ளாது. சில இடங்களில் அவற்றுக்குப் பதில் இடைவெளி வரும். சில இடங்களில் ஒன்றுமே வராமல் 'மேலத்தெருதிருவையாறு' ஆகிவிடும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு காற்புள்ளியும் ஓர் இடைவெளியும் போட்டுவிட்டால் எங்கே ஒட்டினாலும் தபால்காரருக்குப் புரியும்.

ஒற்றை வரிப் பெட்டியும் பல வரிப் பெட்டியும் வெவ்வேறு ஜாதி என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1995-ல் வந்த எச்டிஎம்எல் 2.0-விலேயே இரண்டும் தனித்தனி. ஒற்றை வரிப் பெட்டி என்ன செய்தாலும் மடியாது. எழுத்து இடது பக்கம் நகர்ந்து மறையும். கூகுள் ஃபார்ம்ஸில் 'ஷார்ட் ஆன்சர்', 'பாராகிராஃப்' என்று இரண்டு வகை கேட்பது இதற்காகத்தான். "உங்கள் அனுபவத்தை விரிவாக எழுதுக" என்று கேட்டுவிட்டு ஷார்ட் ஆன்சர் பெட்டி வைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு வரியில் முடித்துவிட்டால் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது.

முறிவுக் குறிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலை: உருளையை ஆரம்ப இடத்துக்குத் தள்ள வேண்டும், காகிதத்தை ஒரு வரி மேலே ஏற்ற வேண்டும். டெலிபிரின்டரில் இந்த இரண்டுக்கும் இரண்டு தனிக் குறிகள் வைத்தார்கள். விண்டோஸ் இன்றைக்கும் அந்த இரண்டையும் சேர்த்தே எழுதுகிறது. யூனிக்ஸ் வழி வந்தவை இரண்டாவதை மட்டும் எழுதுகின்றன. விண்டோஸின் நோட்பேட், யூனிக்ஸ் பாணி முறிவைப் புரிந்துகொள்ள 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அப்படிப்பட்ட கோப்பை அதில் திறந்தால் எல்லா வரியும் ஒரே வரியாக ஓடும். ஆன்லைன் படிவத்தில் வேடிக்கை என்னவென்றால், பெட்டிக்குள் இருக்கும்போது ஒரு என்டர் ஒரு குறி. அனுப்பும்போது பிரவுசர் அதை இரண்டாக்கி அனுப்பும். 500 எழுத்து வரம்பு, நீங்கள் இருபது என்டர் தட்டி 500-ஐ நிரப்பிவிட்டீர்கள். பெட்டி ஏற்றுக்கொள்ளும். மறுமுனைக்குப் போகும்போது 520. அங்கே இருக்கும் புரோகிராம் அதைக் கவனித்துக் கட்டப்படாவிட்டால் "வரம்பு மீறியது" என்று திருப்பி அனுப்பும்.

வரம்பு என்றதும் தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று. 'தமிழ்நாடு' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அடிப்படை எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பெட்டிக்கு அது ஒன்பது. 'ஸ்ரீ' என்ற ஒற்றை எழுத்து நான்கு. 500 என்று போட்டிருந்தால் தமிழில் ஏறத்தாழ 300 எழுத்துதான் கிடைக்கும். சேமிக்கும் இடத்தில் பைட் என்ற சேமிப்பு அலகில் கணக்கு என்றால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்நாடு' 27 ஆகிறது.

இந்தப் பைட் கணக்குதான் வரி மடிப்பில் பெரிய விபத்தை உண்டாக்குகிறது. நீங்கள் படிவத்தில் எழுதும் புகார் பல தளங்களில் மின்னஞ்சலாக அலுவலகத்துக்குப் போகும். மின்னஞ்சலுக்கு நெடுநாள் மரபு ஒன்று: ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது, 998-ஐத் தாண்டவே கூடாது. அந்த 78-க்குப் பின்னால் 80 எழுத்து அகலத் திரைகள், அவற்றுக்கும் பின்னால் ஐபிஎம் 1928-ல் கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டை. பிஎச்பி மொழியில் மின்னஞ்சல் அனுப்பும் கட்டளைக்கான கையேடு, வரிகள் 70-ஐத் தாண்ட வேண்டாம் என்று சொல்லி, 'வேர்ட்ராப்' என்ற கட்டளையால் உடைத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கட்டளை எண்ணுவது பைட்டை. ஆங்கிலத்தில் 70 பைட் என்றால் பத்துப் பன்னிரண்டு சொற்கள். தமிழில்? 'எங்கள் தெருவில் குடிநீர்' என்ற மூன்று சொல்லுக்கே 68 பைட் தீர்ந்துவிடும். 'வரவில்லை' கீழே போய்விடும். மனு முழுவதும் வரிக்கு இரண்டு மூன்று சொல்லாக, ரிப்பன் அகலத்தில் நெடுக இறங்கும். படிக்கிற அதிகாரி, "யாருய்யா இப்படி எழுதினது" என்று கேட்பார். எழுதினவர் ஒழுங்காகத்தான் எழுதினார்.

அதே கட்டளையில் 'நீளமான சொல்லை வெட்டு' என்று ஒரு விருப்பமும் உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால் இன்னும் மோசம். 'செய்துகொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல் 81 பைட். 70-வது பைட்டில் கத்தி விழும். 70 மூன்றால் வகுபடாத எண். ஆக 'களு' வரை சரியாக வந்து, அடுத்த 'க'வின் மூன்று பைட்டில் ஒன்று இங்கே, இரண்டு அங்கே என்று பிளக்கும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அடையாளத்தைத் தமிழ் உரையின் நடுவில் பார்த்திருப்பீர்களே, அது பிறக்கும் வழிகளில் ஒன்று இது. ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை, எழுத்தே உடைந்துவிட்டது. அனுப்புகிறவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: நீண்ட மனுவைப் பிடிஎஃப் இணைப்பாகவும் சேர்த்துவிடுவது, இணைக்க வழி இருந்தால்.

சேமித்ததை எக்செலில் இறக்கிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டத்துக்குள் பாதி உரைதான் தெரிகிறது என்றால் உரை போய்விட்டது என்று பதறாதீர்கள். 'ராப் டெக்ஸ்ட்' பொத்தானைத் தட்டினால் மடியும். அப்படியும் அடிப்பகுதி மறைந்தால், ஒரு வரிசையின் உயரம் 409 புள்ளிக்கு மேல் போகாது என்பதே காரணம், நெடுவரிசையை அகலமாக்குங்கள். முழு உரையும் மேலே ஃபார்முலா பாரில் இருக்கும். நிரப்பி அனுப்பும் பிடிஎஃப் படிவங்கள் கொஞ்சம் ஆபத்தானவை: பெட்டி கொள்ளாத எழுத்து திரையில் உருட்டிப் பார்த்தால் தெரியும், அச்சில் வராது. பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போடும் முன் கடைசி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

படிவம் கட்டுகிறவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். பெட்டிக்கு அகலத்தை எழுத்துக் கணக்கில் 80 என்று வைத்தால் மொபைலில் அது திரையை உடைத்துக்கொண்டு போகும். நூறு சதவீத அகலம் கொடுங்கள். கொடுத்தும் சுருங்கவில்லை என்றால் சுற்றியிருக்கும் 'ஃபீல்ட்செட்' சட்டத்தைப் பாருங்கள். உள்ளடக்கத்தைவிடக் குறுக மாட்டேன் என்று பிறப்பிலேயே அதற்கு ஒரு பிடிவாதம், குறைந்தபட்ச அகலத்தைச் சுழியமாக்கினால் அடங்கும். யாராவது நீண்ட இணைய முகவரி ஒன்றை ஒட்டினால், அதைக் காட்டும் பக்கத்தில் அது எல்லை தாண்டும். அதற்கு 'ஓவர்ஃப்ளோ-ராப்' பண்பில் 'எனிவேர்' போடுங்கள். இடமில்லாத சொல்லை மட்டும் உடைக்கும். 'வேர்ட்-பிரேக்' பண்பில் 'பிரேக்-ஆல்' போடாதீர்கள். ஓரத்தில் வந்த நல்ல தமிழ்ச் சொல்லையும் அது இஷ்டத்துக்கு வெட்டும், படிக்கிறவர் திணறுவார். பெட்டியின் 'ராப்' பண்புக்கு 'ஹார்ட்' என்ற மதிப்பு உண்டு, அனுப்பும்போது மடிப்புகளையெல்லாம் முறிவுகளாக்கிவிடும். நெட்ஸ்கேப் காலத்து யோசனை. 1999-ன் எச்டிஎம்எல் 4.01-இல் இடம் கிடைக்கவில்லை, 2014-ல் எச்டிஎம்எல் 5 அதைச் சேர்த்துக்கொண்டது. இருக்கிறது என்பதற்காகத் தொட வேண்டாம்.

வெளியிடும் முன் இதையும் செய்யுங்கள்: ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று நாலு எழுத்துப் போட்டுப் பார்த்துத் திருப்திப்படாமல், நான்கு வரித் தமிழ் முகவரி ஒன்று, பிடிஎஃப்பிலிருந்து எடுத்த ஒரு பத்தி, 'செய்துகொண்டிருந்தவர்களுக்கு' போல ஒரு நெடுஞ்சொல், மூன்றையும் உங்கள் சொந்தப் படிவத்தில் ஒட்டி அனுப்பி, மறுமுனையில் அதிகாரிக்கு வருகிற மின்னஞ்சலை ஒரு சின்ன மொபைலில் திறந்து படித்துப் பாருங்கள்.